உப்பளத்தில் ஒலித்த பேர்

கடலோரத்தில் நெய்தல்பட்டினம் என்று ஒரு ராஜ்யம். அதைச் செருவேந்தன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. ராஜா நல்லவர்தான். ஆனால் தன் புகழை யாராவது பேசினால், சாப்பிட உட்கார்ந்ததைக்கூட மறந்துவிடுவார்.

ஒருநாள் அவருக்குக் கடல் தாண்டிச் சம்பாவதி நாட்டைச் சுற்றிப் பார்க்கும் ஆசை வந்தது. ஆயிரம் வருஷப் பழமையான நாடு அது.

"அங்கே எதையெல்லாம் பார்க்கலாம்? யார் சொல்வது எனக்குப் பிடிக்கிறதோ, முதலில் அங்கேதான் போவேன்" என்றார் சபையில்.

துறைமுகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த பவளாயியையும் பயணத்துக்காக அழைத்திருந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன்பு அவள் புருஷன் வேலாண்டி போன கப்பல் சம்பாவதிக் கரையில் உடைந்தது. வேலாண்டி உட்படப் பிழைத்த நாற்பது பேரும் கருந்துறை உப்பளத்தில் வேலை செய்கிறார்கள் என்று ஓர் அயல்நாட்டு மாலுமி அவளிடம் சொல்லியிருந்தான். கரை ஒதுங்கியவர்களை அவர்களுடைய அரசனே வந்து 'என் குடிகள்' என்று சொன்னால்தான் விடுவார்களாம். அந்த நாட்டுச் சட்டம் அப்படி.

மூன்று முறை ராஜாவுக்கு ஓலை எழுதினாள். மூன்றும் பிரதானி திருவேங்கடர் கைக்குப் போய் அங்கேயே நின்றன. புயல் மாதத்தில், மாலுமிகள் தடுத்தும் கேட்காமல், தன் மாளிகைக்குச் சந்தனக்கட்டை கொண்டுவர அந்தக் கப்பலை அனுப்பியவரே அவர்தான். இன்றைக்கு விடக்கூடாது என்று பவளாயி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிரதானி முந்திக்கொண்டார். "பொன்வேய்ந்த அரண்மனை, ஏழடுக்குக் கோட்டை, வெற்றித்தூண். இவற்றைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை, மகாராஜா."

"நீ என்ன சொல்கிறாய், பவளாயி?"

"அதெல்லாம் அந்த நாட்டு ராஜாக்களின் பெருமை, மகாராஜா. கருந்துறை என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே தினமும் விடிந்ததும் நாற்பது பேர் வரிசையாக நின்று மகாராஜாவின் பேரைச் சொல்கிறார்கள்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரதானிக்கு வியர்த்தது. "அது வெறும் உப்புமண் பூமி, மகாராஜா. ராஜாக்கள் போகிற இடமில்லை."

"பிரதானியாருக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது" என்றாள் பவளாயி. "அங்கே மகாராஜாவின் பேரை யாரும் சொல்வதில்லை என்கிறாரா?"

யாரும் சொல்வதில்லை என்றால் ராஜாவுக்குக் கோபம் வரும். சொல்கிறார்கள் என்றால் எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

"நீ சொன்னது பொய்யானால்?" என்றார் ராஜா.

"என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜாவும் பிரதானியும் பவளாயியும் கடல் தாண்டிக் கருந்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. காலெல்லாம் உப்புப்புண்ணோடு நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். காவல் அதிகாரி ஏதோ கேட்டான். "செருவேந்தன் குடிகள்" என்று அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். அவன் சிரித்துவிட்டு ஏதோ சொன்னான்.

"என்ன சொல்கிறான்?" என்றார் ராஜா.

"'அந்தச் செருவேந்தன் வந்து சொல்லட்டும். இப்போது வேலைக்குப் போங்கள்' என்கிறான்."

ராஜாவின் முகம் கறுத்தது. பல்லக்கிலிருந்து இறங்கிச் சேற்றில் நடந்தார். "நான்தான் செருவேந்தன். இவர்கள் என் குடிகள்." பவளாயி அதை அந்த நாட்டு மொழியில் உரக்கச் சொன்னாள்.

அதிகாரி தலைவணங்கி விலகினான். வரிசையில் நின்ற கிழ மாலுமி ஒருவர் ராஜாவை ஏற இறங்கப் பார்த்தார். "ஆறு வருஷமாச்சுங்க" என்றார்.

ராஜா பவளாயி பக்கம் திரும்பினார். "புகழ்கிறார்கள் என்றாயே."

"பேரைச் சொல்கிறார்கள் என்றுதான் சொன்னேன், மகாராஜா."

"நேராகவே என்னிடம் கேட்டிருக்கலாமே?"

"மூன்று ஓலை எழுதினேன்."

ராஜா பிரதானியைப் பார்த்தார். பிரதானி தரையைப் பார்த்தார்.

"முத்திரை மோதிரத்தைக் கழற்றும். இனி அது பவளாயிக்கு; கடல் தாண்டிப் போகும் என் குடிகளுக்கு அவள்தான் மந்திரி. நீர் இந்த நாற்பது பேரிடமும் பேர் கேட்டு, ஒவ்வொன்றாக என்னிடம் வந்து சொல்லும்."

திருவேங்கடர் பட்டு வேட்டி சேற்றில் புரள, ஒவ்வொருவர் முன்பும் போய் நின்று குனிந்து கேட்டார்.

பவளாயி வரிசையின் கடைசிக்கு ஓடினாள். வேலாண்டி வெடித்த கைகளால் அவள் தோளைத் தொட்டுப் பார்த்தான்.

"மகாராஜாவை எப்படிப் புள்ள இங்க கூட்டியாந்த?"

"ஊர் சுத்திப் பாக்கணும்னாரு" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாக்க வேண்டிய இடமா ஒண்ணு சொன்னேன்."