கிட்டார் பெட்டியில் வாசித்த பேஸ்

"சத்தத்தை இன்னும் எவ்வளவு கூட்டலாம், மாஸ்டர்?"

பெனிட்டா ஒரு பக்க இடுப்பில் பிள்ளையும் மறு கையில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியுமாக மாதா கோவிலுக்குள் வந்து நின்றாள்.

பாடகர் குழுவில் அடித்தொனி தரும் பேஸ் கிட்டார் வாசிக்கும் எட்வினா அவளைவிடச் சின்னவள். ஆனாலும் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் மாஸ்டர்தானே.

"இது யாரு பெட்டி, அக்கா?"

"என் கொழுந்தனோடது. லீட் கிட்டாருக்கு வாங்கினது. கல்யாணம் ஆனதுல இருந்து தொடுறதே இல்லை."

"இதுலயா பேஸ் வாசிக்கிறீங்க?"

"நான் என்ன கச்சேரியா பண்ணப் போறேன்? பிள்ளை திரும்பினா போதும்."

பிள்ளை ரூபனுக்குக் காது கேட்காது. மெஷின் மாட்டியும் பலன் இல்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆனால் ஒரு ஞாயிறு பூசையில், பாடகர் குழு நிற்கும் பலகை மேடையில் அவனைக் கிடத்தியிருந்தாள். கோவிலின் பெரிய பெட்டியில் வயரைச் சொருகி எட்வினா தடித்த கம்பியை மீட்டினாள். பிள்ளையின் உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தான்.

அந்த வாரமே பெனிட்டா பழைய பேஸ் ஒன்றை வாங்கிப் படிக்கச் சேர்ந்தாள்.

"வீட்டுல தினமும் வாசிக்கிறேன், மாஸ்டர். ஒரு நாள்கூடத் திரும்பலை. கூட்டினா பெட்டி கரகரங்குது. மாவு மெஷின் எப்ப வச்சீங்கன்னு பக்கத்து வீட்டுல கேக்கிறாங்க. அவங்களுக்கெல்லாம் கேக்குது. இவனுக்குக் கேக்கலை."

"திரும்பி என்ன ஆகணும்?"

"இப்பத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நாளைக்கு நடப்பான். எங்க வாசலைத் தாண்டினா பஸ் போற ரோடு. ஓடுறவனை நான் எப்படிக் கூப்பிடுவேன்?"

எட்வினா கொழுந்தனின் பெட்டியைப் பலகை மேடையில் வைத்தாள். தன் பேஸின் வயரை அதில் சொருகினாள். தடித்த கம்பியை மீட்டினாள்.

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குதே."

"காதை இறுக்கிப் பொத்திக்கிட்டுப் பலகையில படுங்க."

"இந்தப் புடவையோடவா?"

"பிள்ளை எப்படிப் படுத்திருந்தானோ, அப்படி."

பெனிட்டா பிள்ளையை அருகில் கிடத்திவிட்டுப் படுத்தாள். கன்னம் பலகையில் அழுந்தியது.

எட்வினாவின் விரல் கம்பியை இழுப்பது தெரிந்தது. விட்டது தெரிந்தது. பலகையில் அதிர்வு ஒன்றும் வரவில்லை.

பெனிட்டா காதிலிருந்து விரலை எடுத்தாள்.

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"அப்ப, முன்னாடி நான் கேட்டது?"

"இந்தப் பெட்டி மேல் சத்தத்தைத்தான் தரும். அடியில இருக்கிற தடிச்ச சத்தத்தை உங்க காது தானாப் போட்டு நிரப்பிக்கும். காது இருந்தா."

பெனிட்டா எழுந்திருக்கவில்லை.

"அப்ப இத்தனை நாளும் நான் அவனைக் கூப்பிடவே இல்லையா?"

எட்வினா பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"சரி. கோவில் பெட்டி மாதிரி ஒண்ணு வாங்கிடறேன். நகையை வச்சாவது வாங்கிடறேன்."

"ரோடு முழுக்கப் பலகை போடுவீங்களா, அக்கா?"

பெனிட்டா அழ ஆரம்பித்தாள். பிள்ளை அவள் வாய் கோணுவதைப் பார்த்துச் சிரித்தான்.

எட்வினா வயரைப் பிடுங்கினாள். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கிட்டாரின் முதுகை அவன் நெஞ்சில் சாய்த்து, கையைச் சுற்றிக் கொண்டுபோய்த் தடித்த கம்பியை மீட்டினாள்.

உதைத்துக்கொண்டிருந்த கால் நின்றது. இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்தான். வாய் திறந்தபடியே இருந்தது.

பெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"திரும்பலையே."

"எந்தப் பக்கம் திரும்புவான்? நெஞ்சுலயே இருக்கு."

மறுபடி மீட்டினாள். பிள்ளை கன்னத்தை மரத்தில் வைத்துக்கொண்டான்.

"ரோட்டுக்கு ஓடினா?"

"கூப்பிட முடியாது."

"பின்னே?"

எட்வினா பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஓடணும், அக்கா."