பின்வாங்காதோர் சங்கம் வாங்கிய வண்டி

எங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை முதலில் தேதி வரிசையில் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் வழக்கு நிற்காது.

முதலாவது, 1979. வடதிட்டு உப்பளத்தில் நாங்கள் வாரிக் குவித்த உப்பைத் தரகர் சிவனுப்பாண்டி வெளியூர் ஆட்களை வைத்துச் சுமந்து போனார். அன்றே சங்கம் கூடி, 'சங்கத்தின் உப்பைச் சங்க உறுப்பினர் மட்டுமே சுமக்க வேண்டும்' என்று தீர்மானம் போட்டோம்.

இரண்டாவது, 1984. எங்கள் கோரிக்கை மனுவில் சிவனுப்பாண்டியின் மைத்துனர் கருவாடு மடித்தார். மனுவை எழுதியவன் நான். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாத மனு.

மூன்றாவது, 1991. பதினேழு நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, பதினெட்டாம் நாள் காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்று எட்டுப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய நாலு பேரும் கைதூக்கி, 'இன்று கைதூக்கிய எவரும் இனி ஓர் அடியும் பின்வாங்குவதில்லை' என்று ஏகமனதாக நிறைவேற்றினோம்.

நான்காவது அநீதி போன ஆடியில் நடந்தது. இழைத்தவர்களும் நாங்களே, இழைக்கப்பட்டவர்களும் நாங்களே. யாரைக் கண்டித்துத் துண்டறிக்கை போடுவது என்று தெரியாமல் கதையாக எழுதுகிறேன்.

அந்த நாலு பேர் யார் என்றால், தலைவர் ஞானதிரவியம், செயலாளராகிய நான், பொருளாளர் பொன்னுலிங்கம், பேச்சித்தாய். பேச்சித்தாய்க்குப் பொறுப்பு எதுவும் இல்லை. எங்கள் சங்கத்தின் பொதுமக்கள் அவள் ஒருத்திதான்.

நாங்கள் குத்தகைக்கு எடுத்த சிறு அளத்தில் விளைந்த உப்பைக் கருவாட்டுக் கிடங்கு நேரடியாக வாங்கச் சம்மதித்தது. மேலாளர் ரொட்ரிகோ நிபந்தனையை எழுதியே கொடுத்தார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் முதல் லோடு வர வேண்டும். சங்கப் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வந்தால் வருஷம் முழுக்க எங்கள் உப்பு. வராவிட்டால் பழையபடி சிவனுப்பாண்டியின் உப்பு.

ஆகவே வண்டி வாங்கினோம். பந்தல் வாடகைக் கடைக்காரர் ஒருவர் விற்ற பழைய பிக்கப். முன்னால் மூன்று பேர் உட்காரலாம். பின்னால் திறந்த பெட்டி. கியரைக் கையால் மாற்ற வேண்டும்.

வாங்கிய அன்றே ஒரு சிக்கல் எழுந்தது. வண்டி எங்கள் உப்பைச் சுமக்கப் போகிறது. 1979 தீர்மானப்படி அது உறுப்பினராக வேண்டும்.

நான் விண்ணப்பப் படிவத்தை எடுத்தேன். பெயர் என்ற இடத்தில், வண்டியின் முகப்பிலும் முதுகிலும் எழுதியிருந்ததை ஒன்று விடாமல் பார்த்து எழுதினேன். உறுப்பினர் பெயரைச் சுருக்குவது அவமதிப்பு. கூப்பிட மட்டும் ஸ்டெல்லா என்று வைத்துக்கொண்டோம்.

"தகப்பன் பேரு?" என்றேன்.

"சேஸிஸ் நம்பரைப் போடும்" என்றார் பொன்னுலிங்கம்.

"வயசு பதினாலு" என்று எழுதினேன்.

"பதினாலு வயசுப் பிள்ளய வேலைக்கு வச்சா நம்மளையில்லா பிடிச்சு உள்ள போடுவான்?" என்றாள் பேச்சித்தாய்.

அரை மணி நேரம் விவாதித்தோம். வண்டிக்குப் பதினாலு என்றால் மனுஷனுக்கு ஐம்பது என்று தலைவர் தீர்ப்பளித்தார். ஸ்டெல்லா உறுப்பினரானாள்.

ஓட்டுநர் உரிமம், வாங்கிய நாளிலிருந்து வண்டியே தொடாத என் ஒருவனிடம்தான் இருந்தது. இருந்தாலும் நாலு பேரும் கற்றுக்கொள்ளப் போனோம். அறிவு ஒருவனிடம் குவிவது ஆபத்து என்று நானே ஒருமுறை துண்டறிக்கை எழுதியிருக்கிறேன்.

மெக்கானிக் வேலாயுதம் பொறுமைசாலி. "கிளட்ச மிதிச்சுத்தான் கியர மாத்தணும். எப்ப மாத்தணும்னு ரொம்ப யோசிக்காதீங்க அண்ணாச்சி. வண்டியே சொல்லும்" என்றார்.

நாங்கள் எஞ்சினைப் போட்டுவிட்டு, வண்டி சொல்வதற்காகக் காத்திருந்தோம்.

"ங்ர்ர்ர்" என்றது வண்டி.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் தலைவர்.

"கண்டனம் தெரிவிக்கு" என்றார் பொன்னுலிங்கம்.

"செயலாளரு அண்ணாச்சி ஆக்சிலேட்டர்ல கால வச்சிருக்காரு. காலை எடும்னு சொல்லுது" என்றாள் பேச்சித்தாய்.

காலை எடுத்தேன். வண்டி அடங்கியது. அன்று முதல் வண்டியின் பேச்சை மொழிபெயர்க்கும் பணி அவளுக்கு ஒதுக்கப்பட்டது.

மூன்றாம் நாள் வேலாயுதம், "இன்னைக்கு ரிவர்ஸ்" என்றார்.

தலைவர் எழுந்தார். "ரிவர்ஸ்னா?"

"பின்னால போறது."

"தம்பி, 1991 தீர்மானம் உமக்குத் தெரியாது. அதனால மன்னிக்கோம்" என்றார் தலைவர். முழக்கம் எழுப்பியபடி பட்டறையை விட்டு வெளிநடப்புச் செய்தோம். எங்கள் போராட்டங்களில் முழு வெற்றி பெற்றது அந்த ஒன்றுதான். வேலாயுதம் எங்களைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூட்டைகளை ஏற்றினோம். வேலைப் பங்கீடு ஏற்கெனவே முடிந்திருந்தது. உரிமம் உள்ளவன் என்பதால் ஸ்டியரிங்கும் ஆக்சிலேட்டரும் எனக்கு. நடுவில் உட்கார்ந்த பேச்சித்தாய்க்குக் கியர். இடது ஓரத்தில் தலைவர், உப்பு வாரும் பலகையின் நீளக் கம்பால் கிளட்சை அழுத்துவார். பொன்னுலிங்கம் பின்னால் மூட்டை மேல். பிரேக் போட்டால் கட்டை தேயும், தேய்ந்தால் செலவு, செலவு பொருளாளர் இலாகா. ஆகவே அவர் கூரையில் தட்டி அனுமதித்தால்தான் நான் பிரேக்கை மிதிக்கலாம்.

முதல் கியரில் கிளம்பினோம்.

"இரண்டாவது கியருக்கு மாற வேண்டுமென முன்மொழிகிறேன்" என்றேன்.

"வழிமொழியுதேன்" என்றாள் பேச்சித்தாய்.

"ஆட்சேபணை உள்ளவர்கள்?" என்று தலைவர் மூன்று பக்கமும் பார்த்தார். பின்னால் இருந்த பொன்னுலிங்கத்தையும் கேட்க வேண்டும் என்பதால் கம்பை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். அவர் திரும்புவதற்குள் பேச்சித்தாய் கியரைத் தள்ளினாள். வண்டி முழங்காலில் அடிபட்ட மாடு போலக் குலுங்கி நின்றது.

இப்படிப் பதினொரு முறை நின்றோம். ஒரு வெள்ளாடு எங்களைத் தாண்டிப் போய், நின்று, பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தது.

ஒன்பதரைக்கு அளத்துச் சாலை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தோம். அங்கே ஒரு பலகை. 'கருவாட்டுக் கிடங்கு' என்று எழுதி வலப்பக்கம் அம்புக்குறி. அதன் கீழே, 'உபயம்: சிவனுப்பாண்டி'.

"இவன் காட்டுத வழியில நாம போறதா?" என்றார் தலைவர்.

"நாப்பது வருஷமாப் போகல. இன்னைக்கா போவோம்?" என்றேன்.

"கிடங்கு அங்கனதான இருக்கு" என்றாள் பேச்சித்தாய்.

"கிடங்கு இருக்கட்டும். அம்புக்குறி அவனோடது!" என்றார் தலைவர்.

அம்புக்குறியைப் புறக்கணித்து இடப்பக்கம் திரும்பினோம். இரு புறமும் உப்புப் பாத்தி, நடுவில் வண்டி மட்டும் போகும் அகலத்தில் வரப்புச் சாலை. அது ஒரு மோட்டார் அறையின் சுவரில் போய் முடிந்தது. பொன்னுலிங்கம் தட்டிய தட்டில் கூரையே நெளிந்தது. சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றோம்.

மணி பத்தரை. இறங்கிச் சுவரைச் சுற்றிப் பார்த்தோம். திருப்ப இடமில்லை. ஒரே வழி, வந்த வழியே பின்னால் போவது.

"அதுக்கு இடமே இல்ல" என்றார் தலைவர். "தீர்மானம் தீர்மானம்தான்."

"சுவர இடிச்சா?" என்றார் பொன்னுலிங்கம்.

"சுவருக்கு அங்கிட்டுக் கடலு" என்றாள் பேச்சித்தாய்.

"கடலையும் தாண்டிட்டா?"

வெயில் ஏறியது. பேச்சித்தாய் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொளுத்தும் அளத்தில் ஆறு மாதம் அவள் கால் புண்ணோடு வாரிய உப்பு அது.

"எனக்கு ரிவர்ஸ் தெரியும்" என்றாள் மெதுவாக.

மூன்று பேரும் திரும்பினோம். "எப்படித் தெரியும்?"

"வெளிநடப்புச் செஞ்சப்போ செருப்ப மறந்து விட்டுட்டு வந்துட்டேன். எடுக்கப் போனேன். வேலாயுதம் காட்டித் தந்தான்."

"துரோகம்!" என்றேன். என் குரல் எனக்கே கம்பீரமாக இருந்தது.

"துரோகம்னே வச்சுக்கிடும். உப்ப என்ன செய்யப் போறீரு? மோட்டார் ரூமுக்கு விப்பீரா?"

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். 1991 தீர்மானம் அன்று கைதூக்கிய உறுப்பினர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். ஸ்டெல்லா அன்று கைதூக்கவில்லை. அவளுக்குக் கையே கிடையாது. ஆகவே அவள் தாராளமாகப் பின்வாங்கலாம். நாங்கள் நாலு பேரும் பின்வாங்க வேண்டுமென்றால் உறுப்பினராக இல்லாமல் இருந்தால் போதும்.

"ராஜினாமா!" என்றேன்.

நாலு கடிதம் எழுதினேன். எங்கள் மூன்று பேர் ராஜினாமாவைத் தலைவர் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டார். பிறகு தன் கடிதத்தை வைத்துக்கொண்டு திகைத்தார். "என்னோடத யாருட்ட குடுக்க?"

சங்கத்தில் மிச்சம் இருந்த உறுப்பினர் ஒருத்திதான். கடிதத்தை ஸ்டெல்லாவின் வைப்பருக்கு அடியில் செருகினோம். அவள் மறுக்கவில்லை.

மணி பதினொன்று இருபது. இப்போது தீர்மானமும் இல்லை, பங்கீடும் இல்லை. கிளட்சை என் காலாலேயே மிதித்தேன். கியரை எங்கே தள்ள வேண்டும் என்று பேச்சித்தாய் காட்டினாள், என் கையாலேயே தள்ளினேன். பொன்னுலிங்கம் மூட்டை மேல் நின்று வழி சொன்னார். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் பின்னால் போயிற்று.

"சங்கம் இல்லாம வண்டி என்னமாப் போவுது பாத்தீயளா!" என்றாள் பேச்சித்தாய்.

அந்த வாக்கியத்தை நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

சாலை பிரியும் இடம் வந்தது. நன்றாகப் போகிற வண்டியை நிறுத்திக் கியர் மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அப்படியே கிடங்கு வரை பின்னாலேயே போனோம். அம்புக்குறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போனோம் என்பதில் தலைவருக்குத் திருப்தி.

மணி பதினொன்று ஐம்பது. வண்டியின் பின்பக்கம் கிடங்கின் இறக்குமேடையில் கச்சிதமாகப் போய் நின்றது.

"இத்தன வருஷத்துல ஒழுங்கா ரிவர்ஸ் எடுத்து வந்த மொத வண்டி இதுதான்" என்றார் மேலாளர் ரொட்ரிகோ. மேடையோரம் நாற்காலி போட்டு, மணியைப் பார்த்தபடி சிவனுப்பாண்டி உட்கார்ந்திருந்தார். மீன் அறுக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் கத்தியை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

ரொட்ரிகோ ரசீதை நீட்டினார். "பொறுப்பாளர் யாராவது ஒரு கையெழுத்துப் போடுங்க. இறக்கிருவோம்."

பேனாவை வாங்கினேன். ஆனால் போலிக் கையெழுத்துகளை எதிர்த்தே நரைத்தவன் நான். "ஐயா, அரை மணிக்கு முன்னால் நாங்கள் நாலு பேரும் ராஜினாமா செய்துவிட்டோம்" என்றேன்.

பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

சிவனுப்பாண்டி சிரித்த சிரிப்பில் நாற்காலி முனகியது. "வண்டிய எடுங்கவே, எடுங்க! எம் லாரி வாசல்ல நிக்கி."

"அப்ப உங்க சங்கத்துல இப்ப யாருதான்வே இருக்கா?" என்றார் ரொட்ரிகோ.

நான் உறுப்பினர் பதிவேட்டைத் திறந்தேன். ஐந்து பெயர். நாலு அடித்திருந்தது.

நிலைமையை விளக்கினேன். ஒரே உறுப்பினர் இருந்தால் அவரே தலைவர், அவரே செயலாளர், அவரே பொருளாளர். சாட்சிகள் முன்னால் முழுப் பெயரையும் வாசித்து, ஆட்சேபணை இல்லையென்றால் தேர்வு செல்லும். எங்கள் நாலு பேர் மறுசேர்க்கை விண்ணப்பத்தையும் இனி அவர்தான் பரிசீலிக்க வேண்டும். நாற்பது வருஷம் சிறை, தடியடி எல்லாம் பார்த்த எனக்கு ஒருமுறைகூடப் போட்டியின்றிக் கிடைக்காத பதவிகள்.

ரொட்ரிகோ வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் சிவனுப்பாண்டியை அவ்வளவாகப் பிடிக்காது போலும். "டயர்ல மை தடவிக் கைநாட்டு வாங்கிக்கிடுதேன். சீக்கிரம் பேர வாசியும்" என்றார்.

"ஆட்சேபணை!" சிவனுப்பாண்டி எழுந்துவிட்டார். "சம்மதம்னு வண்டி எப்படிவே சொல்லும்?"

"சொல்லும்" என்றாள் பேச்சித்தாய். "மெக்கானிக்கே சொல்லியிருக்காரு."

அவள் ஏறிச் சாவியைத் திருகினாள்.

"ங்ர்ர்ர்" என்றது வண்டி.

"சம்மதங்குது" என்று மொழிபெயர்த்தாள்.

மீன் அறுக்கும் பெண்கள் சாட்சியாக வரிசையில் நின்றார்கள். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதிவேட்டை உயர்த்திப் பிடித்து, பொதுக்கூட்டக் குரலில் வாசித்தேன்:

"வடதிட்டு உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகவும், செயலாளராகவும், பொருளாளராகவும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர், தோழர் ஸ்டெல்லா பந்தல் மேடை அலங்காரம் ஒலி ஒளி அமைப்பு பாத்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கும் இடைவெளி விட்டு வரவும் ஒலி எழுப்புக!"