செப்டம்பரில் தொங்கிய நட்சத்திரம்

ஒரு தாய், மூன்று பிள்ளைகள், அந்தத் தாய் கேட்ட ஒரே ஒரு கேள்வி. கதை இவ்வளவுதான். கேட்டு முடித்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள். அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள்.

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துக் கிறிஸ்தவ ஊர் ஒன்றில் ஞானவடிவு என்றொரு விதவை இருந்தாள். மூத்தவன் கோயில்பிள்ளை, ஊர்க் கோவிலில் மணியடிப்பவன். அடுத்தவள் ஜெயசீலி, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கடைக்குட்டி எப்ராயீம். ஞானவடிவு ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். எடை குறைத்த கடைக்காரரிடம் "இனி உன் கடை உப்பும் வேண்டாம்" என்றவள், அவர் செத்து அவர் மகன் கடை நடத்தும் காலத்திலும் அந்தப் பக்கம் போகவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் காலை. விடியற்கால ஆராதனை முடிந்து எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரில் கிறிஸ்துமஸ் கொண்டாடாத வேறொரு சபையில் சேர்ந்திருந்த எப்ராயீம், தாய் எடுத்து வைத்திருந்த புதுச்சட்டையைப் போடாமலே வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, மேய்ப்பர்கள் ராத்திரி வயல்வெளியில கிடந்தாங்கன்னு லூக்கா எழுதியிருக்கார். டிசம்பர் குளிர்ல எவன் ஆட்டை வெளியே போடுவான்? வேதத்துல தேதியே கிடையாது. ஆண்டவர் பிறந்த நாள் எதுன்னு மனுஷன் யாருக்கும் தெரியாது."

"ஆட்டு ஆராய்ச்சிக்குத் தொரை வந்துட்டாரு," என்றான் கோயில்பிள்ளை. "மார்ச் இருபத்தஞ்சுல தூதன் மரியாள்கிட்ட வந்தான்னு பெரியவங்க கணக்கு. ஒம்பது மாசம் கூட்டிப் பாருல."

"அந்த மார்ச்சும் வேதத்துல இல்லண்ணே."

ஞானவடிவு குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். "அப்போ நாப்பது வருஷமா நான் பொய்க்கா புதுச்சேலை கட்டினேன்?"

எப்ராயீம் குனிந்து இலை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தான். அதுதான் அவளைச் சுட்டது.

"இனிமே ஆண்டவர் பிறந்த நாளன்னைக்கு மட்டும் இந்த வாசப்படியை மிதி. மத்த நாள் வராதே."

"டிசம்பர் இருபத்தஞ்சுல நான் வரமாட்டேம்மா," என்று எழுந்து போனான். சோறு இலையில் அப்படியே கிடந்தது.

அதன்பின் அவன் ஊருக்கு வந்தால் ஜெயசீலி வீட்டோடு சரி. நாலு வீடு தள்ளித் தாய் இருமுவது அங்கே கேட்கும். "தடிச்சிருக்கானா, ஏட்டி?" என்று மகளிடம் கேட்பாள் தாய். "மாத்திரையை ஒழுங்காப் போடுதாளா?" என்று அக்காவிடம் கேட்பான் மகன். இரண்டு கேள்விகளையும் சுமந்து நடந்தே ஜெயசீலிக்குத் தலை நரைத்தது.

இந்த வருஷம் செப்டம்பரில், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஞானவடிவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் மங்கிவிட்டது. புத்தி மட்டும் தெளிவு. தினமும் காலையில் கோயில்பிள்ளை நாள்காட்டித் தாளைக் கிழித்து, தேதியையும் வசனத்தையும் கட்டிலருகே நின்று வாசிப்பான். பதினெட்டாம் தேதியும் வாசித்தான்.

அன்று ஜெயசீலி தம்பிக்குப் போன் செய்து வரச் சொன்னாள். பரணில் கிடந்த காகித நட்சத்திரத்தை இறக்கி, கிழிசலை ஒட்டி, வாசலில் தொங்கவிட்டு பல்பைப் போட்டாள். உச்சி வெயிலில் அது எரிவதே தெரியவில்லை. பிறகு தாயின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, இன்னைக்குக் கிறிஸ்துமஸ். தம்பி வாரான்."

ஞானவடிவு கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் புழுகுதே, ஏட்டி. இந்தப் புழுக்கத்துல பிறந்திருந்தா பிள்ளைக்கு வேர்க்குருல்லா வந்திருக்கும்."

மூன்று மணிக்கு எப்ராயீம் வந்தான். கோயில்பிள்ளை நிலையைப் பிடித்தபடி வழியில் நின்றான். "அம்மா சொன்ன சொல்லை அம்மாதான் மாத்தணும்ல. நான் யாரு?"

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "கோயிலு, இன்னைக்கு ஆண்டவர் பிறந்த நாளாப்பா?"

"இல்லம்மா. அதுக்கு இன்னும் தொண்ணூத்தெட்டு நாள் கிடக்கு."

"சரி. எப்ராயீமு, நீ சொல்லு. இன்னைக்கு ஆண்டவர் பிறந்த நாளாப்பா?"

பதினோரு வருஷத்தில் தாய் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. 'ஆமான்னு சொல்லு' என்று கட்டிலருகேயிருந்து ஜெயசீலி கையெடுத்துக் கும்பிட்டாள். சாகக் கிடக்கும் தாயிடம் பொய் சொல்ல எப்ராயீமுக்கு வாய் வரவில்லை.

"இல்லம்மா. செப்டம்பர் பதினெட்டு."

"சரிப்பா," என்றாள் ஞானவடிவு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவன் படியேறவில்லை. வாசலுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தான். ஐந்தரை மணிக்கு ஜெயசீலியின் அலறல் கேட்டு எல்லாவற்றையும் மறந்து உள்ளே ஓடினான். பிடித்துக்கொள்ள அவனுக்குக் கிடைத்தவை குளிர்ந்த கால்கள்.

மகள் பொய் சொன்னாள். மூத்தவன் இல்லை என்றான். இளையவனும் இல்லை என்றான். இந்த மூவரில் தாயிடம் தவறாகப் பதில் சொன்னது யார்?

விடை: எப்ராயீம். ஜெயசீலியின் பொய்யைத் தாய் நம்பவே இல்லை. கோயில்பிள்ளை தான் நம்பியதைச் சொன்னான். ஞானவடிவுக்கோ அன்றைய தேதி காலையிலேயே தெரியும். தெரிந்தும் ஏன் கேட்டாள்? சொன்ன சொல்லை மாற்ற அறியாதவள், மாற்றாமலே மகனை உள்ளே அழைக்க வழி தேடினாள். அதற்காக அவன் கட்சிக்கே வந்து, தோற்றுக்கொடுத்துக் கேட்டாள். "தெரியாதும்மா, இன்னைக்காவும் இருக்கலாம்" என்பதுதான் அவன் நம்பிக்கைப்படி உண்மை. யாருக்கும் தெரியாது என்று வீட்டை விட்டுப் போனவன், தெரிந்தவன் போல இல்லை என்றுவிட்டான். இதை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து திரும்பும் பஸ்ஸில் தானாகவே விளங்கியது. நடுவழியில் எழுந்து, இறங்க வேண்டும் என்றான். "இங்கே ஸ்டாப் இல்லையே, எங்கே போகணும்?" என்று கேட்டார் கண்டக்டர். "தெரியாது," என்றான் எப்ராயீம்.