தொழுவத்துப் படி

"நான் பரிமாறுத பந்தியில ஒரு நாளாவது வந்து உக்காரக் கூடாதாம்மா? என் மேல என்ன குறை?"

ஆவுடையப்பர் கேட்டேவிட்டார். மலையடிவாரத்து மடத்தில் ஒன்பது வருஷமாகப் பந்தி பரிமாறுகிறவர் அவர். அத்தனை வருஷத்து ஆதங்கம்.

மடத்தின் குரு உலகம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"சாப்பாட்டு மணி எத்தன தடவ அடிக்கீரு?"

"இருபத்தொண்ணு."

"பொறவு?"

"கதவைச் சாத்திருவேன். அதுக்கு மேல யாரு வந்தாலும் திறக்க மாட்டேன். பசிச்சவன் நேரத்துக்கு வரணும்லா?"

உலகம்மாள் எழுந்து போய்விட்டார்.

மறுவாரம், இலை அறுக்கப் போன ஆவுடையப்பர் வாய்க்கால் பாசியில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் எலும்பில் விரிசல். வைத்தியர் கட்டுப் போட்டுவிட்டு, ஒரு மண்டலத்துக்குக் காலை ஊன்றக் கூடாது என்றார்.

மணியும் கதவும் சமையல் பார்க்கும் இசக்கிமுத்துவின் பொறுப்பாயின.

"சோத்தை ரூமுக்குக் கொண்டு வர வேண்டாம். நானே வருவேன்," என்றார் ஆவுடையப்பர். வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இரண்டு கையிலும் ஊன்றுகட்டை இருந்தால் ஒரு செம்புத் தண்ணீர்கூட எடுத்து வர முடியாது என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வேட்டி அவிழ்ந்தபோது சுவரில் சாய்ந்து நின்று கட்டினார். கட்டுப் போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு குளித்து முடிப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது.

மணி கேட்டதும் கிளம்பினார்.

அறையிலிருந்து இறங்க வேண்டியது பன்னிரண்டு படிகள். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, கட்டைகளைக் கீழே வைத்து, பிறகு உடம்பை இறக்கினார். ஏழாவது படியில் மணி நின்றுவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

"இசக்கி, நாந்தான்டே."

உள்ளே வாளிச் சத்தம் நின்றது.

"இருபத்தொண்ணு முடிஞ்சிட்டு அண்ணாச்சி." இசக்கிமுத்துவின் குரலில் பயம் இருந்தது. "நீங்க சொல்லிக் குடுத்ததுதான?"

திற என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அழுகை முட்டியது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கட்டையை ஊன்றி ஊன்றி மடத்தின் பின்பக்கம் போனார்.

பந்தி நேரத்தில் அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

அங்கே மாட்டுத் தொழுவத்துப் படியில் இலைகள் போட்டிருந்தன. முழங்கால் தேய்ந்துபோன பூக்காரி இருந்தாள். கண் தெரியாத ஓதுவார் இருந்தார். பிள்ளையை மடியில் போட்டபடி ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர்களுக்குத் தூக்குவாளியிலிருந்து சோறு வைத்துவிட்டு, உலகம்மாள் தன் இலைக்கு முன் உட்கார்ந்தார்.

ஆவுடையப்பர் கட்டையைப் பிடித்தபடி நின்றார்.

"மத்தியானச் சாப்பாடு உங்க ரூம்லன்னுல்லாம்மா நினைச்சேன். எத்தன நாளா இங்க சாப்பிடுதீங்க?"

உலகம்மாள் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

"நீரு கதவைச் சாத்துன நாள்ல இருந்து."