கறுப்பு நாற்காலியும் மூன்று பூச்சும்

இப்போது கடல் இருக்கிற இடத்தில் கரையும், கரை இருக்கிற இடத்தில் காடும் இருந்ததே, அந்தக் காலத்தில் பவளக்கோட்டை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் தலைநகரில், கடைசித் தெருவில், கடைசி வீட்டில் மருக்கொழுந்து என்று ஒருத்தி குடியிருந்தாள். அவள் புருஷன் ஏகப்பன் செக்கில் எண்ணெய் ஆட்டுகிறவன்.

மருக்கொழுந்துக்கு என்ன வேலை தெரியுமா? யாரும் சீந்தாத பழைய மரச் சாமான்களைச் சந்தையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். கால் ஆடும் கட்டில், கதவு தொங்கும் அலமாரி, மூடி பிளந்த பெட்டி, எதையும் விடமாட்டாள். சுண்ணாம்புப் பசை தடவிப் பழைய வர்ணத்தை ஊறவைப்பாள். ஊறியதும் சுரண்டி எடுப்பாள். இன்றைக்கு உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறோம். அன்றைக்கு அதெல்லாம் ஏது? பிராய் மரத்து இலைதான். பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கும். அதை வைத்துத் தேய்க்கும்போது அவள் வாய் தானாகப் பாடும்.

“மெல்லத் தேய், இழையோடு தேய்,
அவசரம் இல்லை, அழகாய்த் தேய்.”

மரத்தில் இழை ஓடுகிற பக்கமாகத் தேய்த்தால் பட்டுப்போல் ஆகும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தேய்த்து முடித்து எண்ணெய் ஊட்டி, கிளிப்பச்சையோ மாம்பழ மஞ்சளோ பூசிவிட்டால், போன வாரம் தூக்கிப் போட்டவர்களே இந்த வாரம் வந்து விலை கேட்பார்கள்.

ஒரு சந்தை நாளில் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் பார்த்தாள். தலை முதல் கால் வரை கறுப்பு. ஒரு கால் உடைந்திருந்தது.

“அது வேண்டாம் தாயீ” என்றான் கடைக்காரன். “யார் உட்கார்ந்தாலும் அழுகை வருது. காரணமே தெரியாம அழுவுறாங்க. விறகுக்குக்கூட யாரும் கேட்கல.”

மருக்கொழுந்து உட்கார்ந்து பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“இது எனக்கு வேணும்” என்றாள். தான் வர்ணம் பூசிய இரண்டு மணைகளைக் கொடுத்துவிட்டு, நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஏகப்பன் பார்த்தான். “ஊர்ல வேற நாற்காலியே கிடைக்கலியா உனக்கு?”

“உட்கார்ந்து பாருங்க.”

உட்கார்ந்தான். ஆறடி மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதான். எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, “சரி, காலை ஒட்டவைக்கலாம். நான் பிடிச்சுக்கிறேன்” என்றான்.

மறுநாள் காலை முற்றத்தில் வேலை தொடங்கியது. பசை தடவி, ஊறவைத்து, சுரண்டி, இலை போட்டுத் தேய்த்தாள். மெல்லத் தேய், இழையோடு தேய். மூன்றாம் நாள் கறுப்பு முழுவதும் போயிற்று. கறுப்புக்குக் கீழே சிவப்பு இருந்தது.

“அப்பாடா!” என்று ஒரு குரல் கேட்டது.

மருக்கொழுந்து சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை.

“நான்தாம்மா பேசுறேன். வாயை அடைச்ச மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் குரல் வந்துச்சு” என்றது நாற்காலி.

இலை கையிலிருந்து நழுவி விழுந்தது. ஆனாலும் அவள் ஓடவில்லை. குனிந்து, “யாரும்மா நீங்க? தேய்க்கும்போது வலிச்சுதா?” என்று கேட்டாள்.

“நீ தேய்ச்சது வலிக்கல. ஆனா நான் யாருன்னு எனக்குத் தெரியலியே. ஒரு குழந்தை என் மடியில உட்கார்ந்து அழும். அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு.”

அதே நேரத்தில் அரண்மனையில் ஒருவனுக்கு உள்ளங்கை அரித்தது. அவன் பெயர் மசிக்கண்ணன். ராஜாவின் வர்ணக்காரன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அவன் ஒரு மந்திரவாதி. அவன் மந்திரமெல்லாம் அவனுடைய வர்ணக் கிண்ணத்தில் இருந்தது. தான் போட்ட பூச்சு எங்கே உரிந்தாலும் அவனுக்கு உள்ளங்கை அரிக்கும்.

‘அந்த நாற்காலியை எரிக்கச் சொன்னேனே! வேலைக்காரன் எரிச்சுட்டேன்னானே! பாவி, வித்துட்டானா?’

அரிப்பு இழுத்த வழியே நடந்து கடைசித் தெருவுக்கு வந்தான். பட்டு உடுத்திய வியாபாரி வேஷத்தில் வாசலில் நின்றான்.

“அம்மணி, அந்த ஓட்டை நாற்காலியை எனக்குக் கொடு. பதிலுக்குத் தந்தக் கட்டில் தர்றேன்.”

“வேலை பாதியில நிக்குதுங்க. பாதி வேலையை நான் யாருக்கும் தர்றதில்ல.”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு போனான்.

அவள் சிவப்பைத் தேய்த்தாள். மெல்லத் தேய், இழையோடு தேய். இன்னும் மூன்று நாள் ஆயிற்று. சிவப்புக்குக் கீழே பாசி நிறத்தில் ஒரு பச்சை இருந்தது. கடைசிச் சிவப்புத் துளி உதிர்ந்ததும் நாற்காலி ஓவென்று அழுதது.

“ஞாபகம் வந்துடுச்சு! நான் குமுதவல்லி. இந்த நாட்டு ராணி. மசிக்கண்ணன் மந்திரி பதவி கேட்டான். ‘இவன் நல்லவன் இல்ல, கொடுக்காதீங்க’ன்னு ராஜாகிட்டச் சொன்னேன். அதை மனசுல வெச்சுக்கிட்டு, பண்டிகையன்னிக்குச் செம்பஞ்சுக் குழம்பு கொண்டுவந்து என் கால்ல பூசினான். கால் மரமாச்சு, இடுப்பு மரமாச்சு, தலையும் மரமாச்சு. அப்புறம் மூணு பூச்சுப் பூசினான். பச்சை என் உடம்பைக் கட்டுச்சு, சிவப்பு ஞாபகத்தைக் கட்டுச்சு, கறுப்பு குரலைக் கட்டுச்சு.”

மருக்கொழுந்துக்கு உடம்பு சிலிர்த்தது. பன்னிரண்டு வருஷமாக ஊர் என்ன பேசியது? ராணி படகேறி ஓடிப்போய்விட்டாள் என்று பேசியது. கதையைக் கட்டிவிட்டவனும் மசிக்கண்ணன்தான். ராஜா அதை நம்பினார். அந்தப் பெயரையே யாரும் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

“என் மகள் செந்தாழைக்கு அப்ப அஞ்சு வயசு. அவ அறையிலதான் என்னைப் போட்டிருந்தாங்க. அவ அழறப்ப நான் கிரீச் கிரீச்சுன்னு ஆடுவேன். தூங்கிடுவா.”

அப்போது நிழல் விழுந்தது. மசிக்கண்ணன் இந்த முறை வேஷம் போடாமல் வந்திருந்தான். கையில் தூரிகை.

“நிறுத்துறியா இல்லையா?”

“மாட்டேன்.”

தூரிகையால் அவள் இடது கையைத் தொட்டான். விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை கை மரமாகிப்போனது. மருக்கொழுந்து அலறினாள். சத்தம் கேட்டு ஏகப்பன் செக்கு உலக்கையோடு ஓடிவந்தான். மந்திரவாதி தெருமுனை வரை ஓடி, அங்கே நின்று திரும்பிப் பார்த்தான்.

“ஏ பொண்ணே, ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. அந்த மரம் உள்ளே உளுத்துப் போச்சு. பச்சைப் பூச்சுதான் அதைப் பிடிச்சு வெச்சிருக்கு. அதை எடுத்தா உன் ராணி மாவா உதிர்வா. உன் கையாலேயே கொல்லு, போ!”

மருக்கொழுந்து வலது கை விரலை மடக்கி நாற்காலியைத் தட்டிப் பார்த்தாள். டொக் டொக் என்று கேட்க வேண்டிய இடத்தில் பொத் பொத் என்று கேட்டது. அவன் சொன்னது நிஜம்தான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மரமாகிப்போன கை மடியில் கிடந்தது. ஏகப்பன் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

“விட்டுடு அம்மா. எனக்காக நீ ஒரு கையை இழந்தது போதும்” என்றாள் ராணி.

“அப்படிச் சொல்லாதீங்க தாயே. நீங்க என்ன ஆசைப்படறீங்க, அதைச் சொல்லுங்க.”

ராணி, “நான் பிழைக்கிறேனோ உதிர்றேனோ, அதுக்கு முன்னாடி என் மகளை ஒரு தடவை பார்க்கணும்” என்றாள்.

ஏகப்பன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். எண்ணெய் கொடுக்கிற சாக்கில் அரண்மனைக்குள் போய், தோட்டத்தில் இளவரசி செந்தாழையைக் கண்டான். பதினேழு வயசு. சிரித்தே பழக்கமில்லாத முகம்.

“இளவரசி, உங்க அம்மா...”

“எனக்கு அம்மா கிடையாது. என்னை விட்டுட்டு ஓடினவளைப் பத்தி யாரும் என்கிட்டப் பேசக்கூடாது.”

ஏகப்பன் தலையைச் சொறிந்தான். “சரிங்க, அதை விடுங்க. உங்க அறையில ஒரு கறுப்பு நாற்காலி இருந்துச்சாமே? அது எங்க வீட்ல இருக்குது. உங்களைக் கேட்குது.”

செந்தாழை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நாற்காலி காணாமல் போன அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து அவனோடு நடந்தாள்.

முற்றத்துக்கு வந்து, பச்சையாக நிற்கிற நாற்காலியைச் சந்தேகத்தோடு பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்தாள். கிரீச் கிரீச் என்று அது ஆடியது. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“செந்தாழை” என்றது நாற்காலி.

அந்தக் குரலை அவள் மறக்கவில்லை.

“ஏன் என்னை விட்டுட்டுப் போனே?” என்று கத்தினாள். பன்னிரண்டு வருஷக் கோபம் அது.

“போகலியே கண்ணு. நீ உட்கார்ந்து அழுதப்பல்லாம் உனக்குக் கீழேயேதான் இருந்தேன்.”

செந்தாழை நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மருக்கொழுந்தும் அழுதாள். ஏகப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நடந்ததெல்லாம் கேட்டு முடித்ததும், “உளுத்த மரத்தை என்ன செய்வீங்க? வேற வழியே இல்லையா?” என்று இளவரசி கேட்டாள்.

மருக்கொழுந்து கண்ணைத் துடைத்தாள். “ஒரு வழி இருக்குதும்மா. மொத்தமாச் சுரண்டினாத்தான் உதிரும். ஒரு சாண் சுரண்டுவோம். ஓட்டையில மரத்தூளும் பிசினும் குழைச்சு அடைப்போம். வெயில்ல காயவிட்டு எண்ணெய் ஊட்டுவோம். அது இறுகின பிறகு அடுத்த சாண். ஆனா எனக்கு ஒத்தைக் கைதானே இருக்கு?”

“என்கிட்ட ரெண்டு இருக்கு” என்றாள் செந்தாழை.

கோட்டையின் இளவரசி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மருக்கொழுந்து சுரண்டினாள், செந்தாழை அடைத்தாள், ஏகப்பன் செக்கிலிருந்து ஆளிவிதை எண்ணெயைக் குடம் குடமாகக் கொண்டுவந்தான். ஒரு நாள் ஒரு சாண். மறுநாள் இன்னொரு சாண். செந்தாழை அவசரப்பட்டால், “மெதுவாம்மா” என்று மருக்கொழுந்து சொல்வாள். “கூசுது” என்று நாற்காலி சிரிக்கும். பன்னிரண்டு வருஷம் பேசாத பேச்சையெல்லாம் தாயும் மகளும் அந்த முற்றத்தில் பேசினார்கள்.

ஏழாம் நாள் கடைசிச் சாண் மட்டும் பாக்கி. ராணி உதிர்ந்துபோவாள் என்று காத்திருந்த மசிக்கண்ணனின் உள்ளங்கை நெருப்பாய் எரிந்தது. கிண்ணம் நிறையக் கறுப்பைக் குழைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

“மறுபடியும் மூடிடறேன் பாரு!” என்று நாற்காலியின் மேல் வீசி ஊற்றினான்.

மரமோ ஏழு நாள் எண்ணெய் குடித்த மரம். கறுப்பு அதில் ஒட்டவில்லை. தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு, வழிந்து, சரிந்த முற்றத்தில் ஓடி, அவன் நின்ற இடத்துக்கே வந்து அவன் பாதத்தை நனைத்தது. “ஐயோ” என்றான். கால் மரமாயிற்று, இடுப்பு மரமாயிற்று, தலையும் மரமாயிற்று. அவன் நின்ற இடத்தில் ஒரு கறுப்பு முக்காலி நின்றது.

மருக்கொழுந்து அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிச் சாணைச் சுரண்டினாள். செந்தாழை அடைத்தாள். எண்ணெய் ஊறியது, வெயில் பட்டது. மரத்தின் இழை மெல்ல நெளிந்து நரம்பாயிற்று. நெற்றி தெரிந்தது, கண் திறந்தது. முற்றத்து நடுவில் ராணி குமுதவல்லி உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. பதினேழு வயசுப் பெண் ஐந்து வயசுப் பிள்ளை போல அவள் மடியில் விழுந்தாள்.

செய்தி கேட்டு ராஜா பல்லக்கு ஏறாமல் ஓடிவந்தார். கடைசித் தெருவில், எல்லோர் முன்னாலும், “நான் விசாரிக்காம நம்பிட்டேன். என்னை மன்னிப்பியா?” என்று கைகூப்பினார்.

“மன்னிப்பேன். ஆனா இன்னிக்கு இல்ல” என்றாள் ராணி. “முதல்ல இந்தப் பெண்ணோட கையைச் சரிசெய்யணும். அதுவரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

சொன்னபடியே தாயும் மகளும் அங்கேயே தங்கினார்கள். மருக்கொழுந்தின் மரக்கையை மாற்றி மாற்றி மடியில் வைத்து, பிராய் இலையால் மெல்லத் தேய்த்து, எண்ணெய் ஊட்டினார்கள். முதல் வாரம் சுண்டுவிரல் அசைந்தது. மூன்றாம் வாரம் அவள் ஏகப்பனின் மீசையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவன் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. ராணி அன்றைக்குத்தான் அரண்மனைக்குப் புறப்பட்டாள். பல்லக்கில் ராஜாவுக்கும் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

“உனக்கு என்ன வேணும் கேளு” என்றார் ராஜா மருக்கொழுந்திடம்.

“அரண்மனையில தூக்கிப்போடற பழைய சாமானையெல்லாம் எனக்கே குடுத்துடுங்க மகாராஜா. இன்னும் யாரெல்லாம் உள்ளே மாட்டிக்கிட்டு இருக்காங்களோ.”

கிடங்கு நிறைய வந்தது. தேய்க்கத் தேய்க்க, அதில் ஒரு மேஜை பழைய காவற்காரனாயிற்று, ஒரு பெட்டி ராணியின் தோழியாயிற்று. அவர்களுடைய வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். மீதியெல்லாம் வெறும் மரம்தான். அவற்றுக்கு அவள் நல்ல நல்ல வர்ணமாகப் பூசி ஊரெங்கும் அனுப்பினாள்.

முக்காலி மட்டும் முற்றத்து ஓரத்தில் கிடந்தது.

“இதை அடுப்பில வெச்சுடலாமா?” என்று ஏகப்பன் கேட்டான்.

“வேண்டாம்” என்றாள் மருக்கொழுந்து. “அதுல உட்கார்ந்தா இப்ப சும்மா கோவம்தான் வருது. என்னிக்கு அழுகை வருதோ, அன்னிக்குத் தேய்க்க ஆரம்பிக்கிறேன்.”

அந்த வீட்டில் எண்ணெய் வாசமும் ஆள் நடமாட்டமும் குறையவே இல்லை. கதை கேட்ட உங்கள் வீடும் அப்படியே நிறைந்திருக்கட்டும். கதை சொன்ன வாய்க்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.