இரும்பு அவரை காய்ச்ச கதை

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டைச் செண்டலங்காரன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்றா சொன்னேன்? தோட்டத்தை அலங்கரித்தான், அவ்வளவுதான்.

தோட்டத்து அதிகாரி விருப்பாச்சி ஒருநாள் வந்து குழைந்தான். "மகாராஜா, செடியில பூத்தது சாயங்காலம் வாடிடும். இரும்பிலேயே ஒரு அவரைப் பந்தல் போட்டா ஏழு தலைமுறைக்கும் வாடாது. பக்கத்து நாட்டு ராஜா வயிறெரிஞ்சு போவான்!"

"அவ்வளவு இரும்புக்கு எங்கே போக?"

"குடியானவன் வீட்டு ஏரெல்லாம் எதுக்கு இருக்கு? முனையில இருக்கிற கொழுவைக் கழட்டச் சொல்லுங்க."

கொல்லன் சடையாண்டி ராஜா காலில் விழுந்தான். "சாமி, ஆடி பொறக்கப் போவுது. கொழு இல்லாம மண்ணைக் கீற முடியாது. விதைப்பு போச்சுன்னா சனங்க வயித்துக்கு என்ன செய்யும்?"

"இரும்பை அடிக்கிறாயா, இல்லை உன்னை அடிக்கச் சொல்லவா?" என்றான் ராஜா.

அடித்தான், பாவம். ஆடி போயிற்று. ஒரு வயலிலும் ஏர் இறங்கவில்லை.

தை மாதம் பந்தல் எழுந்தது. கொடி, இலை, இலையில் நரம்பு, கொத்துக்கொத்தாய்க் காய். விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜா விருப்பாச்சியை ஏறெடுத்தும் பார்க்காமல், "இதைச் செய்த கை யாருடையது?" என்று கேட்டுவிட்டான். உடனே நம்ம ராஜா, "கொல்லனைப் பந்தியில் உட்கார வையுங்கள்!" என்றான்.

விருப்பாச்சிக்குப் பொறுக்குமா? "கரிக்கையோட பந்தியிலயா? வேணும்னா ஒரு கறி பரிமாறட்டும்."

"அப்படியே ஆகட்டும் சாமி" என்ற சடையாண்டி, பந்தலிலிருந்து காய்களை முறித்து வந்து இலைக்கு ஒன்றாக வைத்தான். மேலே குழம்பையும் ஊற்றினான். முந்திக்கொண்டு கடித்தான் விருப்பாச்சி. முன்பல் இரண்டும் இலையில் விழுந்தன.

"என்னடா இது?" ராஜா கத்தினான்.

"அவரைக்காய் மகாராஜா. என் உலையில காய்ச்சினது. வயல்ல ஒண்ணும் காய்க்கல. இந்த வருஷம் உங்க நாட்டுல காய்ச்சது இது ஒண்ணுதான்."

விருந்தாளிக்கு முன்னால் ராஜாவின் முகம் கறுத்தது. அப்புறம் எழுந்து, தன் கழுத்து மாலையைக் கழற்றிக் கொல்லனுக்குப் போட்டான். "பந்தலைப் பிரித்து எல்லாருக்கும் கொழு அடித்துக் கொடு. விருப்பாச்சி உலைக்குத் துருத்தி ஊதட்டும்!"

பொக்கை வாயோடு விருப்பாச்சி ஊத ஊத, சடையாண்டி அடித்தான். அடுத்த ஆடிக்குள் கொழு எல்லாம் தயார். ராஜா பெருமையோடு பட்டறைக்கு வந்தான்.

"இப்போ திருப்திதானே? இன்னும் ஏன் இத்தனை கொழு இங்கேயே கிடக்குது?"

"வாங்கிக்க ஆளு வரல சாமி" என்றான் சடையாண்டி. "பாதி சனம் பசியில ஊரை விட்டுப் போயிடுச்சு. மீதியில பாதி, ஊரைத் தாண்டல. சுடுகாட்டோட நின்னுடுச்சு."