ராஜா வைத்த புளிக்குழம்பு

முன்னொரு காலத்தில் புன்னைநாட்டை இளங்கொற்றன் என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட ஆணையை மாலையில் மாற்றுகிற ஆசாமி. ஆனால் ஒரே ஒரு ஆசை மட்டும் அவருக்கு மாறவே இல்லை. ஊரே மெச்சும்படி புளிக்குழம்பு வைக்க வேண்டும். அரண்மனைச் சமையல்காரர்கள் பாவம், தினமும் தின்று பார்த்துத் தலையாட்டினார்கள்.

அந்த நாட்டில் ஆணை போடுவது ராஜா. தீர்ப்புச் சொல்வது நியாயசபைத் தலைவி வடிவுடையாள். வெட்டுக்குத்து வழக்கானாலும் சரி, வருஷச் சந்தையில் நடக்கும் குழம்புப் போட்டியானாலும் சரி, அந்த அம்மாள் சொன்னதுதான் முடிவு. போட்டிப் பானைகளில் பெயர் இருக்காது, கழுத்தில் நிற நூல் மட்டும் கட்டியிருக்கும். போன வருஷம் ராஜாவின் பானைக்கு நாலாவது இடம்.

இப்படி இருக்கையில் மதகு வழக்கு வந்து சேர்ந்தது. கீழ்மடை வயல்களுக்குப் போக வேண்டிய ஏரித் தண்ணீரை ராஜா அரண்மனை அல்லிக்குளத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார். யோசனை கொடுத்தவன் தளவாய் வரதுங்கன். கதிரோ பால் பிடிக்கிற பருவம். இன்னும் ஐந்து நாள் தண்ணீர் வராவிட்டால் நாற்பது வீட்டு வெள்ளாமையும் பதர்தான். மாடத்தி என்ற கீழ்மடைக்காரி நியாயசபையில் போய் முறையிட்டாள். வடிவுடையாள் விசாரித்து, மதகைத் திறக்கச் சொல்லித் தீர்ப்பளித்தார்.

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "எனக்கே எதிராகவா?"

வரதுங்கனுக்கு வடிவுடையாளைக் கண்டாலே ஆகாது. "ஆணை உங்களுடையது, படை உங்களுடையது. தீர்ப்பு மட்டும் எதற்கு இன்னொருவர் வாயில்? அதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் மகாராஜா" என்று தூபம் போட்டான்.

அவ்வளவுதான். வடிவுடையாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ராஜாவே நியாயாசனத்தில் ஏறி உட்கார்ந்து, முதல் வேலையாக மதகுத் தீர்ப்பை ரத்து செய்தார்.

அமைச்சர் ஆதிமூலத்துக்கு இது பொறுக்கவில்லை. மாடத்தி வெறுங்கையோடு எழுந்து போனதை அவரால் பார்க்கவே முடியவில்லை. எதிர்த்துப் பேசினால் தானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பதும் தெரியும். அதனால் சிரித்த முகத்தோடு கேட்டார்:

"நாளைக்குக் குழம்புப் போட்டி. இனிமேல் அதற்கும் நீங்கள்தானே நடுவர்?"

"பின்னே?"

"உங்கள் பானையும் வைப்பீர்கள் அல்லவா?"

"வைக்காமலா? இந்த வருஷம் எனக்குப் பக்குவம் பிடிபட்டுவிட்டது, ஆதிமூலம்."

மறுநாள் சந்தையில் முப்பது பானைகள். ராஜா ஒவ்வொன்றாக ருசி பார்த்தார். மஞ்சள் நூல் கட்டிய பானைக்கு வந்ததும் நாக்கைச் சப்புக்கொட்டி, "முதலிடம் இதற்குத்தான். இது என்னுடையது" என்றார்.

கூட்டம் கைதட்டியது. ஏதோ ஈரத்துணி உதறுகிற மாதிரி ஒரு கைதட்டல். ராஜாவுக்கு உறுத்தியது. முன்வரிசையில் நின்ற மாடத்தியிடம், "உண்மையாகவே நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னா சரிதான் ராஜா" என்றாள் அவள். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும்.

"வரதுங்கா, நீ குடித்துப் பார்த்துச் சொல்" என்றார் ராஜா.

ஆதிமூலம் ஒரு கொட்டாங்கச்சியை நீட்டினார். வரதுங்கன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அமிர்தம், மகாராஜா. இந்த மணமும் இந்தப் புளிப்பும் உங்கள் கைக்கு மட்டும்தான் வரும்" என்றான்.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா" என்றார் அமைச்சர். "நான் மொண்டு கொடுத்தது அதோ அந்தக் காளைத் தொட்டியில் இருந்த பருத்திக்கொட்டைத் தண்ணீர்."

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. வரதுங்கன் முகம் கறுத்தது. ராஜாவோ சிரிக்கவில்லை. பானைகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியானால் என் குழம்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று இந்த நாட்டில் நான் யாரிடம்தான் கேட்பது?"

"உங்கள் முகத்துக்கு நேரே 'கூடாது' என்று சொன்னவர் ஒருவர் இருந்தாரே. அவர் 'நன்று' என்றால் ஊர் நம்பும். நீங்களும் நம்பலாம்" என்றார் ஆதிமூலம்.

ஓர் ஆள் போய் வடிவுடையாளை அழைத்துவந்தான். அந்த அம்மாள் அங்கே போட்டிருந்த நடுவர் ஆசனத்தில் உட்காரவில்லை. "இதில் உட்கார்ந்தால் நான் சொன்னது நிற்க வேண்டும். குழம்புக்கும் நிற்க வேண்டும், மதகுக்கும் நிற்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் என்றால் நான் இப்படியே திரும்பிப் போகிறேன்" என்றார்.

ராஜா தம் பானையைப் பார்த்தார், மாடத்தியைப் பார்த்தார். ஏதோ வெட்கம் வந்தவராகத் தலைகுனிந்து, "இரண்டுக்கும் நிற்கும் அம்மா" என்றார்.

நூல்களைப் புதிதாக மாற்றிக் கட்டினார்கள். வடிவுடையாள் முப்பதையும் ருசி பார்த்தார்.

"முதலிடம் பச்சை நூல்." அது மாடத்தியின் பானை. "இரண்டாமிடம் சிவப்பு நூல். சுண்டைக்காயை இன்னும் கொஞ்சம் வதக்கியிருக்கலாம். மற்றபடி நல்ல கைப்பக்குவம்."

பார்த்தால் அது ராஜாவின் பானை. ராஜா விரல் விட்டு எண்ணினார். "போன வருஷம் நாலு. இந்த வருஷம் ரெண்டு" என்று மெல்லச் சொன்னவர், அடுத்த நொடி துண்டைத் தூக்கி வீசிக் குதித்தார். பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆதிமூலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

பொழுது சாய்வதற்குள் ராஜாவே முன்னால் நடக்க, ஊர் முழுக்க ஏரிக்கரைக்குப் போனது. மதகுப் பலகையை வரதுங்கன் கையாலேயே தூக்க வைத்தார் ராஜா. "இனி ஆணை மட்டும்தான் என் வேலை. தீர்ப்பு நியாயசபையுடையது. அது என்னையும் கட்டும்" என்று அங்கேயே பறையறைவித்தார். தண்ணீர் கீழ்மடைக்குள் பாய்ந்தது. மாடத்தி வரப்பில் குந்தி, காய்ந்த மண் நனைவதைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

கரையில் நின்ற யாரோ, "ரெண்டாம் பரிசு வாங்குன ராஜா வாழ்க" என்றார்கள். நாற்பது வீட்டுச் சனமும் சேர்ந்து சொன்னது. பிறந்த நாள் முதல் வாழ்க, வாழ்க என்று கேட்டே வளர்ந்தவர் இளங்கொற்றன். ஆனால் மனதாரச் சொன்ன வாழ்த்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்.